முயல் அடித்து வீணான நான்கு மாலைகள்: மட் விளையாட்டில் போர்த்திறன் வளர்க்கும் வழி

என் வீரன் ஆறாவது லெவலில் இருந்தபோது அவனுடைய வாள் திறன் 75 சதவீதம். பயிற்சிக்கூடத்தை ஒட்டிய காட்டில் நான்கு மாலைகள், மாலைக்கு இரண்டு மணி நேரம், முயல்களையும் நரிக்குட்டிகளையும் அடித்துக்கொண்டிருந்தேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற நம்பிக்கைதான். நான்காம் நாள் முடிவில் திறன் 79. நான்கு மாலைக்கு நான்கு புள்ளி. மணிக்கட்டு வலி தனிக் கணக்கு.

பல மாதங்கள் கழித்து, மட் என்னும், பலர் இணையம் வழியாகச் சேர்ந்து எழுத்தால் ஆடும் இந்த விளையாட்டுக் குடும்பத்தின் மூலநிரலைப் படித்தேன். அதே வேலையை இருபது லெவல் தள்ளிப்போட்டிருந்தால் இரண்டு மாலைக்கு மேல் ஆகியிருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த வழிகாட்டியை எழுத அந்த எரிச்சல்தான் காரணம். எழுத்தை மட்டுமே வைத்து ஆடும் விளையாட்டில் எல்லாமே திரையில் வரிவரியாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். முக்கியமான கணக்கு எதுவும் எந்த வரியிலும் வருவதில்லை.

முதலில், உங்கள் விளையாட்டு எந்தக் குடும்பம் என்று பாருங்கள். மட் என்ற வகை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது. இன்று ஓடும் சண்டைவகை மட்களில் ஏராளமானவை 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட டிக்குமட் என்ற நிரலின் வாரிசுகள். அதன் வழியில் மெர்க் வந்தது, மெர்க்கிலிருந்து ரோம் வந்தது. டிக்குவின் உரிமம் ஒரு நிபந்தனை விதிக்கிறது: உருவாக்கியவர்களின் பெயர்கள் ‘கிரெடிட்ஸ்’ கட்டளையில் தெரிய வேண்டும். ஆகவே உள்ளே நுழைந்ததும் கிரெடிட்ஸ் என்று தட்டுங்கள். ரோம் என்ற பெயர் வந்தால் இங்கே நான் சொல்லும் எண்கள் பெரும்பாலும் பொருந்தும். விளையாட்டை நடத்துபவர்கள் எண்களை மாற்றியிருக்கலாம், மாற்ற அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் கணக்கின் போக்கு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

இரண்டு குலுக்கல்கள்

ஒரு திறன் ஒரு புள்ளி கூட வேண்டுமென்றால் இரண்டு குலுக்கல்களில் உங்கள் சீட்டு விழ வேண்டும்.

முதல் குலுக்கல் ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கு. உங்கள் அறிவுத்திறனுக்கு ஓர் எண் உண்டு. அறிவு 15 என்றால் 31, 18 என்றால் 40, 20 என்றால் 49, உச்சமான 25 என்றால் 85. அதைப் பத்தால் பெருக்க வேண்டும். பிறகு மூன்று எண்களால் வகுக்க வேண்டும்: அந்தச் செயலுக்கென்று நிரலில் வைத்திருக்கும் கடின எண், உங்கள் வகுப்புக்கு (வீரன், மந்திரவாதி போன்ற பிரிவு) அந்தத் திறன் எவ்வளவு கடினம் என்ற எண், கடைசியாக 4. வரும் விடையோடு உங்கள் லெவலை அப்படியே கூட்ட வேண்டும்.

வாளையே எடுத்துக்கொள்வோம். ஆயுத அடிக்குக் கடின எண் 5. வீரனுக்கு வாள் 2. அறிவு 20 இருந்தால் 490ஐ 40ஆல் வகுத்தால் 12 வரும், மிச்சம் கழிந்துவிடும். ஆறாம் லெவலில் மொத்தம் 18. நாற்பதாம் லெவலில் 52. ஒரே வாள், ஒரே கை, ஒரே அடி, ஆனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாய்ப்பு. என் முயல் வேட்டையின்போது அறிவும் 15தான் இருந்தது. எனக்கு ஆயிரத்துக்கு 13.

இதைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், புதிதாக வருகிறவர்களிடம் ‘முதலில் திறன், பிறகு லெவல்’ என்று உபதேசிப்பதை நிறுத்தியது. கீழ் லெவலில் வாள் திறனை முட்டி மோதி வளர்ப்பது உடைந்த வாளியில் தண்ணீர் இறைப்பதுதான். லெவலை ஏற்றிக்கொண்டே போங்கள். திறன் தன்பாட்டுக்கு வருகிற அளவு வரட்டும். திறனுக்காகவே உட்காரும் மாலைகளை இருபத்தைந்து, முப்பது லெவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குலுக்கல் உங்கள் இப்போதைய திறனைப் பார்க்கிறது. செயல் வெற்றி பெற்றிருந்தால், நூறிலிருந்து இப்போதைய திறனைக் கழித்து வருவதுதான் வாய்ப்பு. 75இல் நின்றால் ஏறக்குறைய 25 சதவீதம், 90இல் நின்றால் 10. 95க்கு மேல் 5இலேயே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. விழுந்தால் ஒரு புள்ளி. செயல் தோற்றிருந்தால் வேறு கணக்கு. திறனில் பாதி, ஆனால் 30ஐத் தாண்டாது. விழுந்தால் ஒன்று முதல் மூன்று புள்ளிகள் வரை.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். திறன் 60ஐத் தாண்டிய பிறகு தோல்விக்கு எப்போதும் 30 சதவீத வாய்ப்பு, கிடைப்பது சராசரியாக இரண்டு புள்ளி. 90இல் நிற்கும்போது வெற்றிபெற்ற ஓர் உதைக்கு 10 சதவீதம், ஒரு புள்ளி. தவறிய உதைக்கு 30 சதவீதம், இரண்டு புள்ளி. தவறிய ஒரு கால் ஆறு வெற்றிகளுக்குச் சமம்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தோல்வியிலிருந்து கற்பது நீங்கள் கட்டளை தட்டிச் செய்யும் செயல்களுக்கு மட்டும்தான்: கிக் (உதை), பேஷ் (மோதித் தள்ளுவது), ட்ரிப் (காலை இடறுவது), டிஸார்ம் (ஆயுதத்தைத் தட்டிவிடுவது), மந்திரங்கள். தானாக விழும் வாள் வீச்சு தவறினால் எதுவும் கிடைக்காது. பேரி (ஆயுதத்தால் தடுப்பது), டாட்ஜ் (விலகித் தப்புவது) ஆகியவையும் அப்படித்தான், தடுத்தால்தான் சீட்டு.

குருவிடம் எவ்வளவு, களத்தில் எவ்வளவு

குருவிடம் பயிலச் செலவாகும் ப்ராக்டிஸ் புள்ளிகள் அரிது, லெவலுக்குச் சிலவே வரும். குருவிடம் ஒருமுறை பயின்றால் ஏறும் அளவு, மேலே சொன்ன அறிவு எண்ணை அந்தத் திறனின் கடினத்தால் வகுத்தால் வருவது. அறிவு 20 உள்ள வீரனுக்கு வாள் ஒரே பயிற்சியில் 24 ஏறும். புதிதாகக் கிடைத்த திறன் ஒன்றிலிருந்து தொடங்கினால் மூன்று பயிற்சியில் 73. நான்காவது பயிற்சிக்குக் குரு 75க்கு மேல் கொண்டுபோக மாட்டார். இரண்டு புள்ளிக்காக ஒரு முழுப் பயிற்சியைச் செலவழித்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. 73இல் நிறுத்துங்கள். மிச்சத்தைக் களம் பார்த்துக்கொள்ளும்.

குருவிடம் போவதற்கு முன் அறிவைக் கூட்டும் மோதிரமோ தலைப்பட்டையோ இருந்தால் அணிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் உடம்பில் இருக்கும் அறிவைத்தான் நிரல் பார்க்கிறது, பிறந்தபோது இருந்ததை அல்ல. அறிவு 20 என்றால் பயிற்சிக்கு 24. 21 ஆனால் 27. சண்டையிலும் இதே பொருத்தம்தான். இனத்துக்கும் வகுப்புக்கும் ஏற்ற உச்சவரம்பு ஒன்று உண்டு, அதற்கு மேல் மோதிரம் அடுக்கிப் பயனில்லை.

எதை முதலில் வளர்ப்பது

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: செகண்ட் அட்டாக். மற்றதெல்லாம் பிறகு.

ஒவ்வொரு சுற்றிலும் முதல் வீச்சு நிச்சயம். இரண்டாவது வீச்சு கிடைக்கும் வாய்ப்பு, செகண்ட் அட்டாக் திறனில் பாதி. மூன்றாவதற்கு தேர்ட் அட்டாக் திறனில் கால்பங்கு. செகண்ட் அட்டாக் 75இலிருந்து 100க்குப் போனால் நூறு சுற்றுக்கு 37ஆக இருந்த கூடுதல் வீச்சு 50 ஆகிறது. அந்த ஒவ்வொரு கூடுதல் வீச்சும் வாள் திறனுக்கு இன்னொரு குலுக்கல் சீட்டு. அதாவது இந்த ஒரு திறன் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. தெரிந்த மந்திரவாதி யாராவது இருந்தால் ஹேஸ்ட் என்ற வேக மந்திரம் போடச் சொல்லுங்கள். அதுவும் சுற்றுக்கு ஒரு வீச்சைச் சேர்க்கும். நான் ஹேஸ்ட் இல்லாமல் பயிற்சிக்கு உட்காருவதே இல்லை. பதிலுக்கு அந்த நண்பருக்காக எதிரியின் முன் நின்று அடி வாங்கிக் கொடுப்பேன்.

அடுத்தது ஆயுதம். ஆயுதத் திறன் ஏன் முக்கியம் என்பது பலருக்கும் தெரியாது. குறி தவறாமல் அடிப்பதற்கு என்று நினைக்கிறார்கள். குறியில் கிடைக்கும் மாற்றம் கொஞ்சம்தான். உண்மையான பலன் காயத்தில் இருக்கிறது. நிரல் உங்கள் திறனோடு 20ஐக் கூட்டி, ஆயுதத்தின் பகடை எண்ணை அந்தச் சதவீதத்தால் பெருக்குகிறது. திறன் 75 என்றால் 95 சதவீதம், 100 என்றால் 120 சதவீதம். அதே வாளில் கால்பங்குக்கு மேல் கூடுதல் காயம். இதற்காகத் தங்கம் கொடுத்து வாளை மாற்ற வேண்டியதில்லை.

பிறகு பேரி, கடைசியாக டாட்ஜ். ஷீல்ட் பிளாக்கை நான் ஒருபோதும் தனியாகப் பயிற்சி செய்ததில்லை. அதன் வாய்ப்பு திறனில் ஐந்தில் ஒரு பங்கோடு மூன்று. வரிசையிலும் அதுதான் கடைசி. கேடயம் கையில் இருக்கட்டும், வருவது வரட்டும்.

எதிரியைத் தேர்ந்தெடுப்பது

அனுபவப் புள்ளிக்காகச் சண்டை போடுவதும் திறனுக்காகச் சண்டை போடுவதும் இரண்டு வேறு தொழில்கள். இரண்டையும் ஒரே எதிரியிடம் எதிர்பார்ப்பதால்தான் பெரும்பாலோர் இரண்டிலும் அரைகுறையாக நிற்கிறார்கள்.

அனுபவப் புள்ளிக்கு எதிரியின் லெவல்தான் எல்லாம். ரோம் கணக்கில் சமமான லெவலுக்கு அடிப்படை 83. உங்களைவிட நான்கு லெவல் மேலே இருந்தால் 165. நான்கு கீழே இருந்தால் 22. ஒன்பது கீழே என்றால் ஒன்று. பத்துக்குப் போனால் சுழி. இதன் மேல் நல்லவன் கெட்டவன் கணக்கும், கால்பங்கு ஏற்ற இறக்கமும் சேரும். ஆகவே லெவல் ஏற்றும் நேரத்தில் எதிரியை எடைபோடும் கன்சிடர் கட்டளையைத் தட்டி, ‘சரியான ஜோடி’ என்ற பொருளில் பதில் வரும் எதிரியையோ அதற்கு ஒரு படி மேலே உள்ளதையோ தேடுங்கள்.

திறனுக்கு வேண்டிய எதிரி வேறு ஜாதி. அவனிடம் எனக்கு மூன்று குணங்கள் வேண்டும்: உயிர் நிறைய இருக்க வேண்டும், அடி மெல்லியதாக இருக்க வேண்டும், என்னைவிட லெவல் குறைவாக இருக்க வேண்டும். மூன்றாவது ஏனென்றால், பேரியின் வாய்ப்பு திறனில் பாதி, அதோடு உங்கள் லெவலைக் கூட்டி எதிரியின் லெவலைக் கழிக்க வேண்டும். பேரி 80 இருக்கும்போது சமமான எதிரியிடம் நூற்றுக்கு 40 தடுப்பீர்கள். பத்து லெவல் கீழே இருப்பவனிடம் 50. பத்து மேலே இருப்பவனிடம் 30. தடுத்தால்தான் சீட்டு என்பதால், பலசாலியிடம் அடி வாங்கினால்தான் தற்காப்பு வளரும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழ். பலவீனமானவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் மொய்த்தால் இன்னும் நல்லது. ஒவ்வொருவர் வீச்சுக்கும் தனித்தனியாகத் தடுப்பு பார்க்கப்படும். அனுபவப் புள்ளி ஒன்றும் கிடைக்காது. கிடைக்க வேண்டாம், இன்று அதற்காக வரவில்லை.

ஆயுதத்துக்கும் தந்திரம் உண்டு. என் வீரனின் பையில் இரண்டு வாள்கள் இருக்கின்றன. ஒன்று வேலைக்கு. இன்னொன்று பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் இலவசமாகக் கொடுத்த வாள், எடுத்தால் எல்லோரும் சிரிக்கும் வாள். பயிற்சிக்கு அதுதான். நல்ல வாள் பன்னிரண்டு அடியில் முடிக்கும் எதிரியை இது ஐம்பது அறுபது அடிவரை உயிரோடு வைத்திருக்கிறது. அடுத்த எதிரியைத் தேடி நடக்கும் நேரம் மிச்சம். காயத்தைக் கூட்டும் கையுறைகளைக் கழற்றிவிட்டு, குறியைக் கூட்டும் அணிகலன்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பட்டால்தான் கற்பது, பலமாகப் படத் தேவையில்லை. வீச்சு குறியில் விழுந்த கணத்திலேயே வாள் திறனுக்கான குலுக்கல் முடிந்துவிடுகிறது. பிறகு எதிரி அதைத் தடுத்தாலும் உங்கள் சீட்டு செல்லும். ஆகவே தடுப்பதில் கெட்டிக்காரனான எதிரி, வாள் பயிற்சிக்குத் தங்கமான எதிரி. சாகவே மாட்டான்.

டாட்ஜ் பயிற்சி செய்யும் அன்று வாளையும் கழற்றிவிடுங்கள். ரிமூவ் தட்டிவிட்டு வெறுங்கையோடு நில்லுங்கள். ஆயுதம் இல்லாத ஆட்டக்காரரால் பேரி செய்ய முடியாது. நிரல் முதலில் பேரியைப் பார்க்கிறது, அது தோற்றால்தான் டாட்ஜுக்கு வாய்ப்பு, பிறகு கேடயம். பேரி நன்றாக வளர்ந்தவர்களுக்கு டாட்ஜ் ஏன் பட்டினி கிடக்கிறது என்பதற்கு இதுதான் விடை. வெறுங்கைச் சண்டைத் திறனும் கூடவே கொஞ்சம் ஏறும். இருட்டில் செய்யாதீர்கள், எதிரி கண்ணுக்குத் தெரியாவிட்டால் டாட்ஜ் வாய்ப்பு பாதியாகிவிடும்.

உதையும் ஒரு சாவும்

கிக் கட்டளைக்குக் கடின எண் ஒன்றுதான். வாளுக்கு ஐந்து என்பதை நினைத்துப் பாருங்கள். அறிவு 20, லெவல் 20 உள்ள வீரனுக்கு ஓர் உதைக்கு முதல் குலுக்கலில் ஆயிரத்துக்கு 60. அதே வீரனின் வாளடிக்கு 32. தோல்வியும் கற்றுத்தரும் என்பதைச் சேர்த்தால் 75இல் நிற்கும்போது சராசரியாக ஐம்பது உதைக்கு ஒரு புள்ளி. வாளில் அதே இடத்தில் 125 அடி. சண்டை நடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் உதையுங்கள். உதைக்காத சுற்று வீண்.

ஓர் உதைக்குப் பிறகு மூன்று வினாடி கை கால் கட்டப்படும். ஒரு சுற்றும் மூன்று வினாடிதான். பேஷ் என்றால் ஆறு வினாடி. அந்த இடைவெளியில் நீங்கள் தட்டுவதெல்லாம் வரிசையில் நிற்கும். நான் என்ன செய்தேன் என்றால், காபி எடுத்துவரும் நேரத்துக்குள் வீணாக வேண்டாமே என்று எட்டு உதைகளை ஒரே மூச்சில் தட்டிவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தபோது அறைக்குள் இன்னொரு பூதம் நுழைந்திருந்தது. தப்பி ஓட ஃப்ளீ தட்டினேன். திரையில் வந்தது என் உதை. மறுபடி ஃப்ளீ. மறுபடி உதை. வீரன் சாகப்போகிறான், நான் தட்டிய ஃப்ளீ ஐந்தாவது உதைக்குப் பின்னால் பணிவாக வரிசையில் நிற்கிறது. கடைசி உதை குறி தவறியது. கிக் ஒரு புள்ளி ஏறியது என்ற வரியும், செத்துப்போனான் என்ற வரியும் அடுத்தடுத்து வந்தன.

என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய விம்பி ஏன் காப்பாற்றவில்லை என்பது இன்னும் கசப்பானது. விம்பி என்பது உயிர் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக ஓடவைக்கும் ஏற்பாடு. இயல்பாக உச்ச உயிரில் ஐந்தில் ஒரு பங்கில் இருக்கும், பாதிவரை ஏற்றலாம். நான் பாதியில்தான் வைத்திருந்தேன். ஆனால் உதைக்குப் பிந்திய காத்திருப்பு ஒன்றரை வினாடிக்குக் குறையாதவரை விம்பி வேலை செய்யாது என்று நிரலில் ஒரு வரி இருக்கிறது. விடாமல் உதைத்துக்கொண்டிருப்பவனுக்கு விம்பி இருந்தும் பெரும்பாலும் இல்லாததுதான். செத்ததில் அந்த லெவலில் சேர்த்த அனுபவத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. பிணத்தைத் தேடி ஓடிய அரை மணி நேரம் தனி.

ஆகவே ஒரு சுற்றுக்கு ஓர் உதை, கையால். உயிர் 40 சதவீதத்துக்கு வந்தால் உதையை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஓட வேண்டுமென்றால் காத்திருப்பு முடிந்த பிறகு ஓடுங்கள். ஃப்ளீ சும்மா கிடைப்பதல்ல, பத்து அனுபவப் புள்ளி கழியும். செத்துத் தொலைப்பதோடு ஒப்பிட்டால் அது இனாம்தான்.

மந்திரவாதிகளுக்குச் சுருக்கமாக: மந்திரத்துக்கும் கடின எண் ஒன்றுதான், கவனம் சிதறித் தோற்றாலும் கற்றல் உண்டு, தோற்றால் பாதி மானாதான் (மந்திர ஆற்றல்) செலவு. கவசம் போன்ற காப்பு மந்திரத்தை ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி மறுபடி போட்டுப் பழகலாம். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று வந்தாலும் குலுக்கல் நடக்கும். இது எனக்குச் சலிப்பூட்டும் வேலை. அதனால்தான் நான் வீரன்.

இடையில் தூங்குவது

உயிர் திரும்புவது டிக் என்னும் துடிப்புக்குத் துடிப்பு, ரோமில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று. தூங்கினால் முழு அளவு, ரெஸ்ட் தட்டி ஓய்வெடுத்தால் பாதி, நின்றால் கால், சண்டையில் ஆறில் ஒன்று. வயிறு காலியானால் பாதி, தாகம் சேர்ந்தால் அதிலும் பாதி. பசியோடும் தாகத்தோடும் நின்றுகொண்டு உயிர் ஏறக் காத்திருக்கும் புதியவரைப் பார்க்கும்போதெல்லாம் பதினாறில் ஒரு பங்கு வேகத்தில் ஒருவர் குணமாகிறாரே என்று பரிதாபமாக இருக்கும். தண்ணீர்த் தோலுறையை நிரப்பிவிட்டு, தாக்கும் மிருகம் இல்லாத அறையில் படுங்கள். ஃபாஸ்ட் ஹீலிங் (விரைவாகக் குணமாகும்) திறன் இருந்தால் உயிர் முழுமையாக இல்லாத ஒவ்வொரு துடிப்பிலும் அதற்கும் குலுக்கல் கிடைக்கக்கூடும். முழுதாகக் குணமான பிறகு தூங்கினால் அது கிடைக்காது. அதனால் 90 சதவீதத்தில் எழுந்து சண்டைக்குப் போய்விடுவேன்.

எண்ணிக்கொண்டே இருங்கள்

மட்லெட் போன்ற இலவச மென்பொருள் வழியாக ஆடினால், ஒரு வரி திரையில் வந்ததும் ஏதாவது செய்யும் தூண்டிகளை அமைக்கலாம். எனக்கு இரண்டே போதும். ஒன்று, என் அடி பட்ட ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். இன்னொன்று, திறன் ஏறிய வரி வந்ததும் அந்த எண்ணிக்கையைக் கோப்பில் எழுதிவிட்டுச் சுழியாக்கும். என் கோப்பில் வாள் 91இலிருந்து 92க்கு 41 அடி என்று இருக்கிறது. அடுத்த புள்ளிக்கு 610. இரண்டுக்கும் இடையில் நான் எதையும் மாற்றவில்லை. கணக்குப்படி எனக்கு அப்போது இருநூற்றைம்பதை ஒட்டி வந்திருக்க வேண்டும். குலுக்கல் அப்படித்தான். எண்ணாமல் இருந்திருந்தால் அறுநூறாவது அடியில் இடத்தை மாற்றியிருப்பேன், மோதிரத்தைச் சபித்திருப்பேன், முயல்களிடம் திரும்பிப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தூண்டியை எண்ணுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பதிலாக ஆடுவதற்கு வேண்டாம். ஆள் இல்லாமல் ஓடும் வீரனைப் பல விளையாட்டுகள் தடைசெய்கின்றன. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். என்னோடு ஆடிய ஒருவரின் மூன்று ஆண்டு உழைப்பு ஒரு இரவில் போயிற்று.

எனக்கு ஹேஸ்ட் போடும் அந்த மந்திரவாதி நண்பர் பார்வையற்றவர். திரைவாசிப்பான் மூலம் ஆடுகிறார். சண்டை வரிகள் முழுவதையும் வாசிக்கவிட்டால் மென்பொருள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஆகவே வீச்சு வரிகளையெல்லாம் மறைத்துவிட்டு, உயிர் குறைந்தால் முரசு, திறன் ஏறினால் மணி என்று ஒலிகளை வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து நானும் அப்படியே செய்தேன். தவறிய வீச்சு வரிகள் மறைந்த பிறகு திரையில் மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்பது முதல்முறையாகக் கண்ணில் பட்டது. இரண்டாவது பூதம் அன்று வந்த வரியும் என் திரையில் வந்துதான் போயிருக்கும்.

95க்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்பார்கள். வாளில் 95இலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் அறிவு 20, லெவல் 40இல் சராசரியாக நானூறு அடிக்குக் குறையாது. கிடைப்பது பகடையில் ஒரு சதவீதம். நான் அதற்காகத் தனியாக உட்காருவதில்லை, போகிற போக்கில் வரட்டும் என்று விட்டுவிட்டேன். செகண்ட் அட்டாக்குக்கு மட்டும் நூறுவரை துரத்தினேன், வருத்தமில்லை.

டிஸார்ம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அதுவும் கடின எண் ஒன்றுதான், தோல்வியிலும் கற்பிக்கும். ஆனால் வென்றதும் எதிரியின் கையில் ஆயுதம் இருக்காது, அவனிடம் மறுபடி முயல முடியாது. ஆகவே ஒவ்வொரு வெற்றியும் அடுத்த ஆயுததாரியைத் தேடும் நடை. கோட்டைக் காவலர்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரம் ஒன்று இருந்தால் அங்கே போங்கள். என் டிஸார்ம் இப்போது 83. நேற்றிரவு பதினொரு காவலர்களின் வாள்களைத் தட்டிவிட்டேன், மணி ஒரு முறைகூட அடிக்கவில்லை. பன்னிரண்டாவது காவலன் என் வாளைத் தட்டிவிட்டான்.